மஞ்சட் கறை சிவந்தால் அஞ்ச வேண்டாம்: துணி துவைப்பும் கறை நீக்கமும் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் துணி துவைப்பது, கறை நீக்குவது ஆகியவை பற்றி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்கள் "இந்தக் கறைக்கு எதைப் போடலாம்?" என்றே கேட்கின்றன. கறை எதனால் ஏற்பட்டது, துணி எந்த இழையால் ஆனது, இதுவரை அதில் என்னென்ன போட்டுப் பார்த்தீர்கள் என்ற மூன்றையும் எழுதியவர்களுக்கு மட்டுமே உறுதியான பதில் சொல்ல முடிந்தது. இனி எழுதுவோர் இம்மூன்றையும் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: என் கணவரின் வெள்ளைப் பருத்திச் சேர்ட்டில் மீன்குழம்பு சிந்திவிட்டது. உடனே சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த இடம் கண்முன்னே செங்கபில நிறமாக மாறிவிட்டது. துணி பழுதாகிவிட்டதா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: துணிக்கு எதுவும் ஆகவில்லை. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்க்குமின் என்ற பொருள், வெறும் நீரிலும் அமிலத்திலும் மஞ்சளாகத் தோன்றும். காரத்தன்மையுள்ள சவர்க்காரம் பட்டதும் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்தால் சிவப்பு வருவதும் இதே காரணத்தால்தான். சவர்க்காரம் முழுவதும் போகும்படி அலசினால் அந்த இடம் மீண்டும் மஞ்சளாகும். இரண்டு துளி தேசிப்புளி விட்டால் இன்னும் விரைவாக மாறும். நிறம் மாறியதைக் கண்டு பதறி அதன்மேல் பிளீச் ஊற்றுவதும், தூரிகையால் பலங்கொண்ட மட்டும் தேய்ப்பதும்தான் சேர்ட்டைக் கெடுப்பவை.

குழம்புக் கறையை ஒரே கறையாக எண்ணக் கூடாது. அதில் எண்ணெய் இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, மீன்குழம்பு என்றால் புரதமும் இருக்கிறது. குர்க்குமின் நீரில் கரைவதில்லை. எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆகவே துணியில் எண்ணெய் இருக்கும்வரை மஞ்சளும் அதைப் பற்றிக்கொண்டே இருக்கும். முதலில் எண்ணெயை வெளியேற்ற வேண்டும் என்பதை மறந்துவிட்டு, நேரே மஞ்சளோடு மல்லுக்கட்டுவதால்தான் பலருக்கும் இந்தக் கறை தோல்வியில் முடிகிறது.

சிந்தியவுடன் மேலே நிற்கும் குழம்பைக் கரண்டியின் விளிம்பால் வழித்தெடுங்கள். துடைத்தால் கறை பரவும். பிறகு சேர்ட்டை உட்புறமாகத் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து குழாயின் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். கறை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே சென்றதோ அந்தப் பக்கமாகவே வெளியேறும். அதன்பின் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளை விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தடவி, கால் மணி நேரம் வைத்திருந்து, இளஞ்சூட்டு நீரில் அலசுங்கள். தொட்டுப் பார்க்கும்போது வழுவழுப்பு இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள். வழுவழுப்புப் போன பின்னரே வழக்கம்போல் சலவைத்தூளில் துவைக்க வேண்டும்.

எஞ்சியிருக்கும் மஞ்சள் நிறத்துக்கு வெயில்தான் மிகச் சிறந்த மருந்து. குர்க்குமின் சூரிய ஒளியில் சிதைந்து நிறமிழக்கும் இயல்புடையது. துவைத்த சேர்ட்டை ஈரமாகவே, கறையுள்ள பக்கம் வெயிலைப் பார்க்கும்படி கொடியில் போடுங்கள். காலையில் தெளிவாகத் தெரிந்த மஞ்சள் வட்டம், நல்ல வெயில் அடித்தால் மாலைக்குள் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மங்கியிருக்கும். போகவில்லையெனில் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். நிறத் துணிகளில் மட்டும் கவனம் தேவை; மஞ்சளை வெளிறச் செய்யும் அதே வெயில் துணியின் சாயத்தையும் வெளிறச் செய்யும் என்பதால், அவற்றை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். கறை முற்றாகப் போகும்வரை அந்தச் சேர்ட்டை மினுக்க வேண்டாம். சூடு பட்டால் மிஞ்சிய எண்ணெயும் நிறமும் இழைக்குள் ஆழமாக இறங்கிவிடும்.

கேள்வி: இரண்டு பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளை வாரந்தோறும் பிளீச்சில் ஊற வைக்கிறேன். ஆனாலும் கழுத்துப்பட்டியிலும் அக்குளிலும் மஞ்சள் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. சட்டைப்பையில் பேனா மை வேறு. நீலம் போட்டால் சரியாகுமா?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: மஞ்சள் கூடுவதற்குக் காரணமே அந்தப் பிளீச்சாக இருக்கக்கூடும். கடைகளில் கிடைக்கும் குளோரீன் பிளீச், வியர்வையிலுள்ள புரதப் பொருட்களோடு சேர்ந்து மஞ்சள் நிறத்தை அதிகப்படுத்துவதுண்டு. வாரந்தோறும் அதில் ஊறும் பருத்தி இழை வலுவிழந்து, கழுத்து மடிப்பில் நைந்துபோவதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். சீருடையை வெண்மையாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறை மெச்சத்தக்கது. அதற்கு இந்த அளவுக்குக் கடுமையான பொருள் வேண்டியதில்லை.

கழுத்துப்பட்டியில் படிவது பெரும்பாலும் தோலின் எண்ணெய்ப்பசையும் அதில் ஒட்டிய தூசியும்தான். சலவைத்தூளைச் சிறிதளவு நீரில் குழைத்தோ, பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொண்டோ அந்த மடிப்பில் தடவி, பழைய பற்தூரிகையால் இழையோட்டத்தின் திசையில் இலேசாகத் தேய்த்து, அரை மணி நேரம் விட்டுத் துவைத்தால் போதும். அக்குளில் படியும் மஞ்சளுக்கு, வியர்வையைத் தடுக்கப் பூசும் பொருட்களிலுள்ள அலுமினிய உப்புகளும் ஒரு காரணம். அவை வியர்வையோடும் எண்ணெயோடும் சேர்ந்து துணியில் இறுகி, அந்த இடத்தைத் தொட்டால் மொரமொரப்பாக இருக்கும்படி செய்துவிடும். பெரிய பிள்ளைகள் இத்தகைய பூச்சுகளைப் பயன்படுத்தினால், அது நன்றாக உலர்ந்த பின்னரே சட்டை அணியச் சொல்லுங்கள்.

இதற்கு ஒட்சிசன் வகை வெளிற்றும் தூளை வாங்குங்கள். பொதியில் சோடியம் பேர்காபனேற்று என்று குறிப்பிட்டிருக்கும். நீரில் கரைந்ததும் இது ஐதரசன் பேரொட்சைட்டையும் சலவைச் சோடாவையும் தருகிறது; குளோரீன் எதுவும் இதில் இல்லை. 5 லீற்றர் நீருக்கு 2 மேசைக்கரண்டி என்ற அளவில் கரைத்து, சீருடையை மூன்று நான்கு மணி நேரம் ஊற வையுங்கள். நீர் 40 முதல் 50 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் இத்தூள் மிக மெதுவாகவே வேலை செய்யும் என்பதால், அதில் ஊற வைத்துவிட்டுப் பலனில்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கரைத்த நீரை மூடியுள்ள போத்தலில் சேமித்து வைக்கக் கூடாது. அது தொடர்ந்து வாயுவை வெளிவிடுவதால் போத்தல் வெடிக்க இடமுண்டு.

சாதாரண போல்பொயின்ற் பேனா மைக்கு நீர் உதவாது, மதுசாரம் உதவும். மருந்தகத்தில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைப் பஞ்சில் நனைத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பைக்கு அடியில் பழைய வெள்ளைத் துணியொன்றை மடித்து வைத்து, மையின் வெளிவிளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் நீலம் பரவி, சிறு புள்ளி உள்ளங்கை அகலத்துக்குப் பெருகிவிடும். மை இறங்க இறங்க அடியிலுள்ள துணியைச் சுத்தமான பக்கத்துக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஸ்பிரிற் எளிதில் தீப்பற்றும். அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள். ஜெல் பேனாக்களின் மையில் பெரும்பாலும் கரையாத நிறத்துகள்கள் இருப்பதால் அது முழுமையாகப் போவது அரிது. பாடசாலைக்கு அத்தகைய பேனாக்களை வாங்கிக் கொடுக்காதிருப்பதே நல்லது.

நீலம் அழுக்கையோ மஞ்சளையோ நீக்குவதில்லை; மஞ்சளுக்கு எதிரான நிறத்தைச் சிறிதளவு ஏற்றி, கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றச் செய்கிறது. இன்றைய சலவைத்தூள்கள் பலவற்றில் புறஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடும் பொருட்கள் சேர்க்கப்படுவதும் இதே நோக்கத்துக்காகத்தான். மஞ்சளை எடுத்த பின்னர் நீலம் போடுவதில் தவறில்லை. மஞ்சள் இருக்கும்போது போட்டால் துணி சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரில் துவைத்துப் பழகியவர்கள் நாங்கள். இங்கே வந்த பின்னரும் அதே சலவைத்தூளை அதே அளவில்தான் போடுகிறேன். ஆனால் நுரை அடங்குவதேயில்லை, துவாய்கள் விறைத்துப் போகின்றன, நீரையும் உறிஞ்சுவதில்லை. இயந்திரத்தில் கோளாறா?
– வாசகி, தெஹிவளை

பதில்: இயந்திரத்தில் கோளாறு இல்லை; நீர் மாறியிருக்கிறது. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறையில் தங்கி ஊறி வருவது. அதில் கல்சியம் மிகுதி என்பதால் அது கடின நீர். சவர்க்காரத்தின் ஒரு பகுதி அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து திரைந்து வீணாகிவிடும். ஆகவே அங்கே கூடுதலாகப் போட்டால்தான் நுரை வரும். கொழும்புக்கும் சுற்றுப்புறங்களுக்கும் வரும் குழாய்நீரோ அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவதும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதுமாகும். இது மழையும் ஆறும் தரும் மென்னீர். இதில் பாதி அளவு சலவைத்தூளே தாராளம்.

மிஞ்சிய தூள் அலசலில் போகாமல் இழைகளுக்கிடையே தங்கிவிடுகிறது. துவாய் விறைப்பது அதனால்தான்; அந்தப் படிவு அடுத்தடுத்த அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். துவைத்து உலர்ந்த துவாயொன்றை எதுவும் சேர்க்காத வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கையால் கலக்குங்கள். நீர் பால்போல் கலங்கி, ஓரத்தில் நுரை கட்டினால், பழைய தூள் இன்னும் வெளியேறவில்லை என்று பொருள். அப்படியானால் இரண்டு மூன்று தடவை தூள் போடாமலே துவாய்களைத் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தைத் துவாய்க்குப் போட வேண்டாம். அது இழையின்மேல் ஒரு மெழுகுப் படலத்தை விடுவதால் நீர் உறிஞ்சும் தன்மை மேலும் குறையும். முன்பக்கம் திறக்கும் இயந்திரமாக இருந்தால், அதற்கென்றே உள்ள குறைந்த நுரைத் தூளை வாங்குங்கள்.

கேள்வி: பிளீச்சோடு வினாகிரியும் தேசிப்புளியும் கலந்து ஊற வைத்தால் எந்தக் கறையும் போகும் என்று ஒருவர் சொன்னார். சென்ற வாரம் செய்தபோது கண் எரிந்து இருமல் வந்தது. அளவு கூடிவிட்டதா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: அளவைப் பற்றிய கேள்வியே இதில் எழக் கூடாது. இந்தக் கலவையை இனி ஒருபோதும் செய்யாதீர்கள். குளோரீன் பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரீன் வாயு வெளிவரும். 1915 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெல்ஜியத்தின் ஈப்பிர் போர்க்களத்தில் நச்சு ஆயுதமாக விடப்பட்டது இதே வாயுதான். வினாகிரி, தேசிப்புளி மட்டுமல்ல, மலசலகூடம் கழுவும் அமிலத் திரவங்களும் பிளீச்சோடு சேரக் கூடாது. அமோனியா கலந்த சுத்திகரிப்புத் திரவங்களோடு சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு உண்டாகும். தொடர்மாடி வீடுகளின் யன்னலில்லாக் குளியலறைகளில் இது உயிருக்கே ஆபத்து.

தவறுதலாகக் கலந்துவிட்டால், அதன்மேல் வேறெதையும் ஊற்றிச் சரிசெய்ய முயலாமல் உடனே வெளியேறி, முடிந்தால் கதவையும் யன்னலையும் திறந்துவிடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வினாகிரியையும் பிளீச்சையும் வெவ்வேறு நாட்களில், இடையே நன்றாக அலசிய பின்னர் பயன்படுத்துவதற்குக்கூட அவசியம் ஏற்படுவது மிக அரிது. இதைச் சொன்னவரிடமும் இந்த ஆபத்தைத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழாம் மாடியில் இருக்கிறோம். கொடி கட்ட அனுமதியில்லை. மழைக் காலத்தில் உடுப்புகளை வீட்டுக்குள்ளேயே காயப் போடுகிறோம். காய்ந்தபோது மணமில்லை, உடுத்தி வியர்த்ததும் புளித்த நாற்றம் வருகிறது. அலுமாரியிலிருந்த சில உடுப்புகளில் கரும்புள்ளிகளும் விழுந்துவிட்டன.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு உயிர்களின் வேலை. நாற்றம் பற்றீரியாவால் வருவது. கரும்புள்ளி பூஞ்சணத்தால் வருவது. இரண்டுக்கும் இடம் கொடுப்பது, காய்வதற்கு எடுக்கும் நீண்ட நேரம்.

நாற்றத்தைப் பற்றி யப்பானிய ஆய்வாளர்கள் 2012 இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். துவைத்த துணியில் எழும் அந்தப் புளித்த வாடைக்கு மொரக்செல்லா என்ற பற்றீரியா முதன்மையான காரணம் என்று அவர்கள் கண்டறிந்தார்கள். அது உலர்ந்த நிலையையும் தாங்கி உயிர்வாழக்கூடியது. ஆகவேதான் காய்ந்த உடுப்பில் ஒன்றும் தெரியாமல், வியர்வை பட்டதும் வாடை மீண்டும் எழுகிறது. நறுமணத் திரவங்களை மேலும் மேலும் சேர்ப்பதில் பயனில்லை. தாங்கக்கூடிய பருத்தித் துணிகளை 60 பாகைச் சுடுநீரில் துவையுங்கள். மற்றவற்றை முன்னே சொன்ன ஒட்சிசன் வகைத் தூளில், துணி தாங்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்துத் துவையுங்கள். துவைத்து முடிந்த துணிகளை இயந்திரத்துக்குள் இரவு முழுவதும் விட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தியே ஆக வேண்டும். இயந்திரத்தின் கதவோரத்து இறப்பர் வளையத்தை விரலால் விரித்துப் பாருங்கள். மடிப்பின் அடியில் கறுப்பாகச் சளிபோல் படிந்திருந்தால், புதிதாகத் துவைக்கும் ஒவ்வொரு துணியும் அங்கிருந்தே மீண்டும் தொற்றைப் பெறும். அதைத் துடைத்தெடுத்து, துவைப்பு இல்லாத நேரங்களில் கதவைத் திறந்தே வையுங்கள்.

கொழும்பின் காற்றில் சராசரி ஈரப்பதன் ஏறத்தாழ 80 சதவீதம். மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சமடையும்போது இது இன்னும் கூடும். அந்நாட்களில் காற்றோட்டமில்லாத அறையில் துணி காயாது. அறைச் சுவரும் சேர்ந்து நனையும். உடுப்புகளை இயந்திரத்தில் கூடுதல் வேகத்தில் இரண்டாம் முறை பிழிய விடுங்கள். தாங்கியில் ஒன்றையொன்று தொடாதபடி, ஒரு கையகல இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, மின்விசிறியை அவற்றை நோக்கி வையுங்கள். ஒரே நாளில் பத்து நாள் உடுப்பைத் துவைப்பதைவிட, காயக்கூடிய அளவை அன்றன்று துவைப்பது மழைக் காலத்துக்கு ஏற்றது. தையல் மடிப்புகளையும் இடுப்புப்பட்டியையும் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சி தெரிந்தால் அலுமாரியில் வைக்காதீர்கள்.

கரும்புள்ளி விழுந்த உடுப்பை முதலில் வெளியே கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அதன் வித்துகள் மற்றத் துணிகளில் இறங்கும். வெள்ளைப் பருத்தியாக இருந்தால், போத்தலில் குறிப்பிட்டுள்ள அளவுப்படி நீர் கலந்த குளோரீன் பிளீச் இந்த ஒரு காரியத்துக்கு ஏற்றது. நிறத் துணிக்கு ஒட்சிசன் வகைத் தூள். பூஞ்சணம் பருத்தி இழையையே உணவாக்கி வளர்வதால், நெடுநாள் இருந்த புள்ளி நிறம் போனாலும் அந்த இடம் பலவீனமாக இருக்கும். கஞ்சி போட்ட வேட்டி, சேலைகளை நீண்ட காலம் மடித்து வைக்காதீர்கள். கஞ்சியிலுள்ள மாப்பொருள் பூஞ்சணத்துக்கும் பூச்சிகளுக்கும் உணவாகும். கஞ்சியைக் கழுவி வைத்துவிட்டு, உடுத்தும் வாரத்தில் மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஆடிவேல் விழாவுக்கு உடுத்திய பட்டுச் சேலையில் விளக்கெண்ணெய் ஒரு துளியும் குங்குமமும் பட்டுவிட்டன. வீட்டில் கழுவலாமா?
– வாசகி, கொச்சிக்கடை

பதில்: கழுவ வேண்டாம்; ஆனால் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. எண்ணெய் பட்ட இடத்தின் மேலும் கீழும் வாசனையற்ற முகப்பவுடரையோ சோளமாவையோ தாராளமாகத் தூவி, ஓர் இரவு விட்டு, மறுநாள் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். மா எண்ணெயை உறிஞ்சியிருக்கும். தேவைப்பட்டால் மீண்டும் செய்யுங்கள். குங்குமத்தை ஈரக் கையால் தொடாதீர்கள். சேலையை விரித்துப் பிடித்து உதறி, மிஞ்சியதை ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தால் ஒற்றியெடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு செய்த குங்குமமென்றால் பெரும்பகுதி தூளாகவே வந்துவிடும். செயற்கைச் சாயம் கலந்தது ஈரம் பட்டால் பட்டுக்குள் ஊறிவிடும்.

பட்டு, புரத இழை. குளோரீன் பிளீச் அதைக் கரைத்தே விடும். புரதக் கறைகளை அரிக்கும் நொதியங்கள் சேர்ந்த சலவைத்தூள்களும் பட்டுக்கு ஆகாதவை. தேசிப்புளியும் வினாகிரியும் சரிகையிலுள்ள செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யக்கூடும். உலர்சலவைக்குக் கொடுக்கும்போது கறையுள்ள இடத்தில் வெள்ளை நூலால் அடையாளமிட்டு, எண்ணெய் எது, குங்குமம் எது என்று சொல்லிக் கொடுங்கள். கறையின் தன்மை தெரிந்தால்தான் அவர்களும் உரிய கரைப்பானைத் தேர்ந்தெடுக்க முடியும். திரும்பி வந்ததும் பிளாஸ்ரிக் உறையை நீக்கி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

கேள்வி: வெள்ளைச் சாரத்தில் இரும்புத் துரு பிடித்துவிட்டது. பிளீச் போட்டும் போகவில்லை.
– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: துருக் கறைக்குப் பிளீச் ஆகாது; அது கறையை இன்னும் ஆழமாக்கும். சாரத்தைப் பல முறை அலசி, பிளீச்சின் மணம் முற்றாகப் போன பின்னர், இன்னொரு நாளில் தேசிப்புளியும் உப்பும் கலந்து கறையின்மேல் பூசி வெயிலில் வையுங்கள். உலர்ந்துவிடாமல் இடையிடையே புளியைச் சேர்த்து, சில மணி நேரத்தின் பின் நன்றாக அலசுங்கள். எலுமிச்சை இனத்து அமிலம் துருவைக் கரைத்துத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய இரும்புக் குழாயில் காலையில் முதலில் வரும் செந்நிற நீரை வாளியில் பிடித்துத் துவைப்பதைத் தவிருங்கள்.

கேள்வி: படுக்கை விரிப்பில் பட்ட மாதவிடாய் இரத்தக் கறை சுடுநீரில் ஊற வைத்தும் கபிலமாக நின்றுவிட்டது.
– இளம் வாசகி, மருதானை

பதில்: சூடு பட்டதும் இரத்தத்திலுள்ள புரதம் உறைந்து இழையில் ஒட்டிக்கொள்ளும்; ஆகவே எப்போதும் குளிர்ந்த நீரே வேண்டும். புதிய கறை குளிர்ந்த நீரிலும் சிறிது சவர்க்காரத்திலுமே போய்விடும். இப்போது உங்கள் விரிப்பை, நொதியம் சேர்ந்த சலவைத்தூள் கரைத்த குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். விரிப்பு வெள்ளையென்றால், மருந்தகத்தில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டைச் சில துளி விடுங்கள். இரத்தத்திலுள்ள ஒரு நொதியம் அதைச் சிதைப்பதால் நுரைத்துப் பொங்குவது இயல்பு. சூடு பட்ட பழைய கறையில் நுரை குறைவாக இருந்தாலும் வெளிற்றும் வேலை நடக்கும். நிற விரிப்பென்றால் ஓரத்து மடிப்பில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பலாப்பாலும் வாழைக் கயரும் பட்ட உடுப்புகளை என்ன செய்வது?
– வாசகி, நுகேகொடை

பதில்: பலாப்பால் இறப்பர்போன்ற பிசின். நீரும் சவர்க்காரமும் அதை அசைக்காது. ஐஸ் கட்டியை வைத்து இறுகச் செய்து சுரண்டக்கூடியதைச் சுரண்டிவிட்டு, தேங்காயெண்ணெயை ஊறத் தேய்த்து, இளகியதும் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு அந்த எண்ணெயை முதற் பதிலில் சொன்னபடி பாத்திரம் கழுவும் திரவத்தால் அகற்றுங்கள். வாழைக் கயர் நேர்மாறானது. படும்போது நிறமற்ற நீர்போல் இருக்கும். காற்றுப் பட்டதும் அதிலுள்ள பீனோல் வகைப் பொருட்கள் ஒட்சியேற்றமடைந்து, கருங்கபிலமாகி, இழையோடு பிணைந்துவிடும். ஈரமாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களே உங்களுக்கு வாய்ப்பு. கண்ணுக்குத் தெரியவில்லை என்று விடாமல் உடனே கழுவுங்கள். கறுத்த பின்னர் வெள்ளைப் பருத்தியில் ஒட்சிசன் வகைத் தூளால் மங்கச் செய்யலாம். நிறத் துணியில் முற்றாகப் போகும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எம்மால் இயலாது. வாழைக்குலை வெட்டுவோருக்கென்று ஒரு பழைய சாரத்தை ஒதுக்கி வைப்பது வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம், அதைத் தொடருங்கள்.

கேள்வி: மூத்த பிள்ளையின் குழந்தை உடுப்புகளை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். அடுத்த மாதம் இரண்டாவது குழந்தை பிறக்கவிருக்கிறது. மணம் போக ஒருமுறை துவைத்தால் போதுமா?
– வாசகி, தெமட்டகொடை

பதில்: போதாது. அந்துருண்டையிலுள்ள நப்தலீன் ஆவியாகித் துணியில் படியும். பச்சைக் குழந்தையின் தோலூடாகவும் மூச்சினூடாகவும் உடலுக்குள் செல்லும். ஜி6பிடி என்ற நொதியக் குறைபாடு உள்ள குழந்தைகளில் இது செங்குருதிக் கலங்களைச் சிதைத்து, கடும் இரத்தசோகையையும் மஞ்சட்காமாலையையும் உண்டாக்கக்கூடியது. அக்குறைபாடு இருப்பது பிறக்கும்போது வெளிப்படையாகத் தெரிவதில்லை. எனவே எல்லாக் குழந்தைகளுக்கும் இதே கவனம் வேண்டும்.

உங்களுக்கு ஒரு மாத அவகாசம் இருப்பது நல்லதாயிற்று. உடுப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, காற்றும் வெயிலும் படும் இடத்தில் பல நாட்கள் விரித்து வையுங்கள். பிறகு துணி தாங்கும் அளவுச் சுடுநீரில், மணமில்லாத சவர்க்காரத்தில் துவைத்து, மீண்டும் வெயிலில் உலர்த்துங்கள். வெப்பமும் காற்றோட்டமுமே நப்தலீனை வெளியேற்றுபவை. மூக்கருகே பிடித்துப் பார்த்து இலேசான மணம் இருந்தாலும் இன்னொரு தடவை செய்யுங்கள். கம்பளித் தொப்பி, போர்வை ஆகியவற்றில் மணம் நெடுநாள் நிற்கும். மணம் போகாவிட்டால் அவற்றைக் குழந்தைக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிடுங்கள். பெட்டியையும் துடைத்து, அந்துருண்டைகளை வீட்டிலிருந்தே அகற்றுங்கள். தவழும் வயதில் மூத்த பிள்ளையோ இளைய பிள்ளையோ அவற்றை இனிப்பென்று எண்ணி வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. இனிமேல் குழந்தை உடுப்புகளை நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் பெட்டியில் வெறுமனே வைத்தாலே பூச்சி அண்டாது.